ரயிலில் அடிபட்டால் யார் பொறுப்பு? வடசென்னைப் பயணிகளுக்கு முழுமையான வழிகாட்டி

என் பெரியப்பா மகன் தண்டையார்பேட்டையில் மின்சார ரயிலில் ஏறும்போது கை நழுவி விழுந்தார். எண்ணூர் பக்கம் வேலை. காலை நேரத்துக் கும்மிடிப்பூண்டி வண்டி, வழக்கமான கூட்டம். வலது தொடை எலும்பு முறிந்துவிட்டது. ஆட்டோவில் தூக்கிப் போட்டுக்கொண்டு போனவர்கள் முகம் தெரியாத நல்ல மனிதர்கள். மருத்துவமனையில் "என்னாச்சு?" என்று கேட்டபோது, "ட்ரெயின்ல அடிபட்டுட்டாரு" என்று சொல்லிவிட்டு வேலைக்கு ஓடிவிட்டார்கள். பணியில் இருந்தவர் விபத்துப் பதிவேட்டில் "தண்டவாளத்தைக் கடக்கும்போது ரயில் மோதியதாகக் கூறப்படுகிறது" என்று எழுதிவிட்டார்.

அண்ணன் தண்டவாளத்தைக் கடக்கவே இல்லை. ஆனால் அந்த ஒரு வரியோடு நாங்கள் ஒன்றரை வருடம் மல்லுக்கட்ட வேண்டியிருந்தது. பாதி அலைச்சல், முதல் இரண்டு நாட்களில் எதைச் செய்ய வேண்டும் என்று எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாததால் வந்தது. ராயபுரத்திலிருந்து மீஞ்சூர் வரை, வியாசர்பாடியிலிருந்து வில்லிவாக்கம் வரை தினமும் ரயிலை நம்பிப் பிழைக்கும் எந்தக் குடும்பத்துக்கும் அந்த நிலைமை வரக்கூடாது என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

சட்டம் எந்த விபத்துக்கு ரயில்வேயைப் பொறுப்பாக்குகிறது

1989-ஆம் ஆண்டு ரயில்வே சட்டத்தில் இரண்டு பிரிவுகளைத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்.

முதலாவது 124. ரயிலும் ரயிலும் மோதுவது, தடம் புரள்வது போன்ற விபத்துகள் இதில் வரும். 2009 ஏப்ரலில் ஒருவன் மூர் மார்க்கெட் வளாகத்திலிருந்து மின்சார ரயிலைக் கடத்திக்கொண்டு போய் வியாசர்பாடி அருகே சரக்கு ரயிலில் மோதினான். நான்கு பேர் இறந்தார்கள். 2024 அக்டோபர் 11 இரவு கவரைப்பேட்டையில், நின்றிருந்த சரக்கு ரயில் மீது பாக்மதி எக்ஸ்பிரஸ் மோதியது. இந்த மாதிரி விபத்தில் பயணிக்குக் காயம் என்றால், ஓட்டுநர் தவறா, சிக்னல் தவறா, வெளியாள் சதியா என்று நீங்கள் நிரூபிக்க வேண்டியதில்லை. யார் மீது குற்றம் இருந்தாலும் ரயில்வே இழப்பீடு தர வேண்டும்.

இரண்டாவது 124ஏ. 1994 திருத்தத்தில் சேர்க்கப்பட்டது. நம் ஊர் வழக்குகளில் பெரும்பாலானவை இதற்குள்தான் வரும். பயணிகள் ரயிலிலிருந்து தவறி விழுவது, ரயிலிலோ நிலைய வளாகத்திலோ நடக்கும் குண்டுவெடிப்பு, கொள்ளை, கலவரம், தீவைப்பு, வன்முறைத் தாக்குதல் ஆகியவற்றைச் சட்டம் 'அசம்பாவிதச் சம்பவம்' என்று கூறுகிறது. இங்கும் ரயில்வேயின் தவறை நிரூபிக்கத் தேவையில்லை.

வாசலில் நிற்பவரின் கையில் கம்பால் அடித்து செல்போனைப் பறிப்பது நம் பாதையில் தெரிந்த தொல்லை. அப்படி அடிபட்டு விழுந்தவரை "கவனக்குறைவாகப் போன் பார்த்தார்" என்று முடித்துவிடப் பார்ப்பார்கள். அது கொள்ளை, அது தாக்குதல். ஓடும் ரயில் மீது எறிந்த கல் பட்டு மண்டை உடைந்தாலும் அது வன்முறைத் தாக்குதல்தான். புகாரில் அந்த வார்த்தைகளிலேயே எழுதச் சொல்லுங்கள்.

"ஏறும்போதுதானே விழுந்தார், ரயிலுக்குள் இருந்து விழவில்லையே" என்று ஒரு வாதம் வரும். பிரபாகரன் விஜயகுமார் வழக்கில் 2008-லேயே உச்ச நீதிமன்றம் இதற்குப் பதில் சொல்லிவிட்டது. ரயிலில் ஏற முயலும்போது விழுவதும் தவறி விழுவதுதான். 2018 மே மாதம் ரீனா தேவி வழக்கில் இறங்கும்போது விழுவதையும் சேர்த்து அதே நிலைப்பாட்டை உறுதி செய்தது. பயணி கொஞ்சம் அவசரப்பட்டார், கவனக்குறைவாக இருந்தார் என்பது இழப்பீட்டை மறுக்கக் காரணம் ஆகாது. வாசலில் நின்றதால் விழுந்தவரைப் பற்றி 2010-இல் ஜமீலா வழக்கிலும் இதையேதான் சொன்னார்கள். படிக்கட்டில் பயணிப்பது 156-ஆம் பிரிவின்படி தண்டனைக்குரிய குற்றம், அதை நான் மறைக்கவில்லை. ஆனால் நிற்க இடமில்லாத வண்டியில் படியில் நின்றார் என்பதற்காக மட்டும் குடும்பத்தின் உரிமை போய்விடாது.

ரயில்வே தப்பிக்கச் சட்டமே ஐந்து வழிகளை வைத்திருக்கிறது. தற்கொலை அல்லது தற்கொலை முயற்சி, வேண்டுமென்றே தனக்குத்தானே ஏற்படுத்திக்கொண்ட காயம், பயணியின் சொந்தக் குற்றச்செயல், போதையிலோ மனநலம் குன்றிய நிலையிலோ அவர் செய்த செயல், பிறகு இயற்கையான நோய். இந்த ஐந்தில் ஒன்று என்று ரயில்வேதான் நிரூபிக்க வேண்டும்.

இதற்குள் வராத விபத்துகள்

தண்டவாளத்தைக் கடக்கும்போது அடிபட்டால் 124ஏ பெரும்பாலும் உதவாது. 147-ஆம் பிரிவின்படி அது அத்துமீறல், ஆறு மாதம் வரை சிறை அல்லது 1,000 ரூபாய் வரை அபராதம். டிக்கெட் கையில் இருந்தாலும், நடைமேம்பாலம் ஏறாமல் குறுக்கே இறங்கி வேறொரு ரயிலில் அடிபட்டவரின் வழக்கு மிகக் கடினம். நின்றிருக்கும் சரக்கு வேகன் மேல் ஏறி 25,000 வோல்ட் மின்கம்பியில் அடிபடும் பிள்ளைகளின் குடும்பங்களுக்கும் இந்தப் பிரிவில் வழியில்லை. யார்டு ஓரத்துத் தெருக்களில் இருக்கும் பெற்றோர் பிள்ளைகளிடம் இதைத் திரும்பத் திரும்பச் சொல்லுங்கள்.

ரயில்வே கேட்டில் வாகனம் மீது ரயில் மோதினால், உதாரணமாகக் கேட் மூட வேண்டிய நேரத்தில் திறந்து கிடந்தால், அது மோட்டார் வாகன விபத்து வழக்கு. அதில் ரயில்வேயையும் எதிர்மனுதாரராகச் சேர்க்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 1997-லேயே சொல்லியிருக்கிறது. சென்னையில் அந்த வழக்குகளை உயர் நீதிமன்ற வளாகத்தில் இருக்கும் சிறு வழக்குகள் நீதிமன்றத்தில் போடுவார்கள்.

பிளாட்பாரத்தில் பெயர்ந்த கல் தடுக்கி விழுந்தால் அது ரயிலிலிருந்து விழுந்ததாகாது. பராமரிப்பில் அலட்சியம் என்று தனியாக வழக்குப் போட வேண்டும், அலட்சியத்தை நீங்கள்தான் நிரூபிக்க வேண்டும். வண்ணாரப்பேட்டையிலிருந்து விம்கோ நகர் வரை ஓடும் மெட்ரோவுக்கு 2002-ஆம் ஆண்டின் மெட்ரோ சட்டம் தனியாக இருக்கிறது. அதற்கு இழப்பீட்டு ஆணையர் வேறு. மின்சார ரயில் வழக்கையும் மெட்ரோ வழக்கையும் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

படி 1: மருத்துவமனையில் சொல்லும் முதல் வாக்கியம்

108-ஐக் கூப்பிடுங்கள், கூடவே ரயில்வேயின் 139-க்கும் சொல்லுங்கள். உயிரைக் காப்பாற்றுவதுதான் முதல் வேலை. ஆனால் ஸ்டான்லி, ராஜீவ் காந்தி மருத்துவமனை என்று எங்கே கொண்டு போனாலும், சேர்க்கும்போது ஒருவர் நின்று தெளிவாகச் சொல்ல வேண்டும்: "இந்த ஸ்டேஷன்ல, இந்த நேரத்துக்கு, இந்த ட்ரெயின்ல ஏறும்போது தவறி விழுந்துட்டாரு."

பதிவேட்டில் அது ஏறியதும் நகலை வாங்கிப் படித்துப் பாருங்கள். நம் ஊரில் ஏ.ஆர். காப்பி என்பார்கள். "ரயில் மோதி", "தண்டவாளத்தைக் கடக்கும்போது", "மது வாசனை" என்று தவறாக ஏதாவது எழுதியிருந்தால், அன்றே மருத்துவமனை நிர்வாகத்துக்கும் ரயில்வே போலீசுக்கும் எழுத்தில் ஆட்சேபம் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். காயம்பட்டவருக்கு நினைவு திரும்பியதும் அவர் வாக்குமூலத்தையும் பதிவு செய்யக் கேளுங்கள். நாங்கள் அந்த நகலைப் படித்ததே நான்கு மாதம் கழித்துத்தான்.

படி 2: டிக்கெட்

நீங்கள் கேட்பது பயணிக்கான இழப்பீடு. அதனால் பயணி என்று காட்டும் டிக்கெட் மிக முக்கியம். அவசர சிகிச்சையில் பேண்ட்டைக் கத்தரித்து எடுத்து ஒரு பையில் போட்டுக் கொடுப்பார்கள். ரத்தக்கறை என்று அந்தப் பையைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். அண்ணனின் சீசன் டிக்கெட் அப்படித்தான் போனது. பையைத் திறந்து, பர்ஸ், சட்டைப்பை எல்லாவற்றையும் பார்த்து, கிடைத்ததைப் படம் எடுத்து வையுங்கள். போலீஸ் வாங்கிக்கொண்டால் கைப்பற்றிய பட்டியலில் டிக்கெட் எண் இருக்கிறதா என்று பாருங்கள்.

செல்போனில் எடுத்த டிக்கெட் என்றால் போன் உடைந்தாலும் கவலைப்பட வேண்டாம். அதே எண்ணில் இருக்கும் பதிவு விவரம், பணம் போன குறுஞ்செய்தி, வங்கிக் கணக்கு வரி எல்லாம் சான்றுதான். சீசன் டிக்கெட்டுக்கு அடையாள அட்டை எண், பழைய மாதச் சீட்டுகள், வேலை செய்யும் இடத்திலிருந்து வருகைப் பதிவு. வழியனுப்ப வந்தவருக்குப் பிளாட்பாரம் டிக்கெட்டும் செல்லும். குண்டுவெடிப்பு, தாக்குதல் போன்ற சம்பவத்தில் சிக்கினால் அவரும் பயணியாகவே கருதப்படுவார்.

டிக்கெட் கிடைக்கவே இல்லையா? உரிமை அதோடு முடிந்துவிடாது. டிக்கெட் இல்லை என்ற ஒரே காரணத்துக்காக மனுவைத் தள்ள முடியாது என்று ரீனா தேவி தீர்ப்பு சொல்கிறது. அவர் டிக்கெட் எடுத்துத்தான் பயணித்தார் என்று குடும்பத்தார் பிரமாணப் பத்திரம் தாக்கல் செய்தால், அதற்குப் பிறகு இல்லை என்று காட்டும் சுமை ரயில்வே பக்கம் போகும். எதிர்ப்பக்கம், தண்டவாளத்தில் உடல் கிடந்தது என்பது மட்டுமே அவரைப் பயணி ஆக்கிவிடாது என்றும் அதே தீர்ப்பு சொல்கிறது. ஆகவே பிரமாணப் பத்திரம் வெறும் சடங்காக இருக்கக்கூடாது. எங்கிருந்து எங்கே, எந்த வேலைக்கு, எந்த வண்டியில் என்று நம்பும்படி எழுத வேண்டும்.

படி 3: இரண்டு போலீஸ், ஒரு மெமோ

ரயில் நிலையத்தில் இரண்டு சீருடைகள் இருக்கும். ஆர்.பி.எஃப். என்பது ரயில்வேயின் பாதுகாப்புப் படை. வழக்குப் பதிவு செய்வது மாநில அரசின் ரயில்வே போலீஸ், அதாவது இருப்புப்பாதை காவல் நிலையம். கொருக்குப்பேட்டை, பெரம்பூர், சென்ட்ரல் என்று எல்லை பிரித்திருக்கிறார்கள். சம்பவ இடம் எந்த எல்லை என்பதை ஸ்டேஷன் மாஸ்டரிடமே கேட்டுக்கொள்ளலாம்.

ஸ்டேஷன் மாஸ்டருக்குத் தகவல் வந்ததும் அவர் ரயில்வே போலீசுக்கு ஒரு மெமோ அனுப்புவார். ரயிலின் கார்டு கொடுத்த தகவலும் பதிவாகும். அந்த நேரத்தில், யாருக்கும் லாப நஷ்டம் தோன்றாத நிலையில் எழுதப்படுவதால் அந்தக் காகிதத்துக்கு மதிப்பு அதிகம். எங்களைக் காப்பாற்றியதே அதுதான். மருத்துவமனைப் பதிவேடு "கடக்கும்போது" என்றது, மெமோ "ஏறும்போது பயணி ஒருவர் விழுந்தார்" என்றது. தகவல் உரிமைச் சட்டத்தில் நகல் கேளுங்கள், கிடைக்காவிட்டால் இழப்பீட்டு மனுவை விசாரிக்கும் ரயில்வே தீர்ப்பாயம் வழியாக வரவழைக்கலாம்.

காயம் என்றால் முதல் தகவல் அறிக்கையின் நகல் உங்களுக்கு வேண்டும். வழக்காகப் பதியாமல் புகார் ரசீது மட்டும் தந்தால் அதையாவது பத்திரப்படுத்துங்கள். இறப்பு என்றால் சந்தேக மரணப் பிரிவில், இப்போதைய குற்றவியல் நடைமுறைச் சட்டமான நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 194-ஆம் பிரிவில், வழக்கு பதிவாகும். பிரேத விசாரணை அறிக்கை, பிரேதப் பரிசோதனை அறிக்கை, போலீசின் இறுதி அறிக்கை மூன்றும் தேவை. பிரேத விசாரணையின்போது குடும்பத்தில் ஒருவராவது பக்கத்தில் நின்று, உடலில் கிடைத்த டிக்கெட் பதிவாகிறதா என்று பார்க்க வேண்டும். அந்த நிலைமையில் இது எவ்வளவு கொடுமை என்று எனக்குத் தெரியும். அதனால்தான் பக்கத்து வீட்டுக்காரர், சங்கத்துத் தோழர் யாராவது இந்தப் பொறுப்பை எடுத்துக்கொள்வது நல்லது என்கிறேன்.

ஆர்.பி.எஃப். தனியாக விசாரித்து, கோட்ட ரயில்வே மேலாளரின் அறிக்கையாகத் தீர்ப்பாயத்தில் தாக்கல் செய்யும். விசாரிக்க வரும்போது அவசரத்தில் எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள். படித்துக் காட்டச் சொல்லுங்கள்.

படி 4: கருணைத்தொகை

விபத்து நடந்த உடனே கையில் தருவது கருணைத்தொகை. 2023 செப்டம்பரில் உயர்த்தப்பட்ட அளவின்படி, ரயில் விபத்தில் இறப்புக்கு 5 லட்சம், கொடுங்காயத்துக்கு 2.5 லட்சம், லேசான காயத்துக்கு 50,000 ரூபாய். அசம்பாவிதச் சம்பவங்களில் 1.5 லட்சம், 50,000, 5,000. இதை வாங்கினால் வழக்குப் போட முடியாது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். இது வேறு, சட்டப்படியான இழப்பீடு வேறு. மனு போட்ட பிறகு 126-ஆம் பிரிவில் ரயில்வேயிடம் இடைக்கால நிவாரணம் கேட்கலாம். அந்தத் தொகை மட்டும் இறுதி இழப்பீட்டில் கழிக்கப்படும்.

படி 5: எவ்வளவு கிடைக்கும்

2017 ஜனவரி 1 முதல் இறப்புக்கு 8 லட்சம் ரூபாய். அதற்கு முன் 4 லட்சமாக இருந்தது. சம்பளம் எவ்வளவு என்ற கேள்வியே இல்லை. ஒப்பந்தத் தொழிலாளி, அதிகாரி, மாணவர் எல்லோருக்கும் ஒரே தொகை.

காயங்களுக்கு அட்டவணை இருக்கிறது. இரண்டு கையும் போனால், ஒரு கையும் ஒரு பாதமும் போனால், முழுமையாகக் காது கேட்காமல் போனால் 8 லட்சம். அதற்குக் கீழே எந்த இடத்தில் துண்டிக்கப்பட்டது என்பதைப் பொறுத்துத் தொகை இறங்கும். ஒரு காலில் தொடை எலும்போ முழங்காலுக்குக் கீழ்ப் பெரிய எலும்போ முறிந்தால் 80,000. அட்டவணையில் இல்லாத காயம், ஆனால் எந்த வேலையும் செய்ய முடியாத நிலை என்று தீர்ப்பாயம் கருதினால் 8 லட்சம்.

தொடை எலும்புக்கு 80,000 என்பது அநியாயம் என்றுதான் நான் நினைக்கிறேன். அண்ணன் எட்டு மாதம் வேலைக்குப் போகவில்லை. அவருடைய சம்பள இழப்பு ஒன்றே அந்தத் தொகையைத் தாண்டிவிட்டது. அதனால் மருத்துவச் சான்று முழுமையாக இருக்க வேண்டும். "கால் முறிவு" என்று பொதுவாக எழுதாமல் எந்த எலும்பு, எத்தனை இடம், நரம்பு பாதிப்பு உண்டா, நிரந்தர ஊனம் எத்தனை சதவீதம் என்று எழுதி வாங்குங்கள். காயச் சான்றிதழ், டிஸ்சார்ஜ் சம்மரி, எக்ஸ்ரே, ஊனச் சான்றிதழ் எதையும் விடாதீர்கள்.

வேலைக்குப் போகும் வழியிலோ திரும்பும் வழியிலோ நடந்த விபத்து என்றால் இ.எஸ்.ஐ. அட்டை வைத்திருப்பவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். வீட்டுக்கும் வேலையிடத்துக்கும் இடையே நடக்கும் விபத்தை வேலையில் ஏற்பட்ட காயமாகக் கருதும் விதி 2010-இல் வந்தது. மணலி, எண்ணூர், கும்மிடிப்பூண்டித் தொழிலாளர்கள் பலருக்கு இது தெரிவதில்லை. ஒரே விபத்துக்கு இரண்டு இடத்தில் இழப்பீடு வாங்கக்கூடாது என்று ரயில்வே சட்டத்தின் 128-ஆம் பிரிவு சொல்வதால், எதை எப்படிக் கேட்பது என்று வழக்கறிஞரிடம் முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள். சொந்தமாக எடுத்த இன்சூரன்ஸ் பாலிசிப் பணத்துக்கு இந்தத் தடை கிடையாது.

படி 6: மனு, ஒரு வருடக் கெடு

மனு போடும் இடம் ரயில்வே கிளெய்ம்ஸ் ட்ரிபியூனல், அதாவது மேலே சொன்ன தீர்ப்பாயம், அதன் சென்னை அமர்வு. சாதாரண சிவில் நீதிமன்றத்தில் இந்த இழப்பீட்டைக் கேட்க முடியாது. எதிர்மனுதாரர் இந்திய அரசு, தெற்கு ரயில்வேயின் பொது மேலாளர் மூலமாக. விபத்து நடந்த நாளிலிருந்து ஒரு வருடத்துக்குள் மனு போட வேண்டும். தாமதமானால் சரியான காரணத்தைக் காட்டி மன்னிக்கக் கேட்கலாம், ஆனால் அதை நம்பி இருக்காதீர்கள்.

இறந்தவருக்காக மனைவி, கணவர், மகன், மகள் கேட்கலாம். இறந்தவர் திருமணம் ஆகாதவரோ சிறுவரோ என்றால் பெற்றோர் கேட்கலாம். திருமணமான மகனை இழந்த தாய், தந்தை அவரை நம்பி வாழ்ந்தவர்கள் என்று காட்ட வேண்டும். வாரிசுச் சான்றிதழை உடனே விண்ணப்பித்துவிடுங்கள், அதற்கே மாதங்கள் ஓடும்.

மருத்துவமனை வாசலிலேயே "நான் வாங்கித் தர்றேன்" என்று வருபவர்களிடம் வெற்று வக்காலத்திலும் வெற்றுக் காசோலையிலும் கையெழுத்துப் போடாதீர்கள். பெண்கள், பட்டியல் சாதி மற்றும் பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், குறைந்த வருமானம் உள்ளவர்கள் ஆகியோருக்குச் சட்டப் பணிகள் ஆணைக்குழு இலவசமாக வழக்கறிஞர் தரும். 15100 என்ற எண்ணில் கேட்கலாம்.

படி 7: விசாரணை

ரயில்வே பதில் மனுவில் அநேகமாக மூன்று வாதங்கள் இருக்கும்: டிக்கெட் இல்லை, தண்டவாளத்தைக் கடந்தார், அவருடைய கவனக்குறைவே காரணம். மூன்றாவதற்குத் தீர்ப்புகளே பதில். முதல் இரண்டுக்கு நீங்கள் சேர்த்த காகிதங்கள்தான் பதில். குறுக்கு விசாரணையில் தெரியாததைத் தெரியாது என்றே சொல்லுங்கள். அண்ணி சம்பவத்தைப் பார்க்கவில்லை. அதை அப்படியே சொன்னார். அன்று காலை எத்தனை மணிக்குச் சாப்பாட்டுப் பையைக் கட்டிக் கொடுத்தார், அண்ணன் எந்த வண்டியைப் பிடிக்கக் கிளம்பினார் என்று மட்டும் சொன்னார். நேரம் மெமோவோடு ஒத்துப்போனது.

படி 8: தீர்ப்புக்குப் பிறகு

தொகையோடு வட்டியும் கேளுங்கள். பணம் மனுதாரரின் சொந்த வங்கிக் கணக்குக்கு வர வேண்டும், இடையில் யார் கணக்குக்கும் போகக்கூடாது. சிறு பிள்ளைகளின் பங்கை வைப்புத்தொகையில் போடச் சொல்வார்கள். மனு தள்ளுபடியானாலோ தொகை குறைந்தாலோ 90 நாட்களுக்குள் சென்னை உயர் நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்யலாம். தீர்ப்பு வந்த அன்றே சான்றிட்ட நகலுக்கு விண்ணப்பித்துவிடுங்கள்.